துண்டு போட்ட கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, "உள்ள அலங்காரம் நடக்குது, கம்முனு ஒக்காரு" என்று சொல்கிற பெண்பிள்ளையை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரியில், தறித் தெரு போய் மெயின் ரோட்டில் முட்டுகிற மூலையில், நாலு கம்ப்யூட்டர் வைத்து நெட் சென்டர் நடத்தினாள். போன் கம்பி வழியாக ஊர் உலகமே வருகிறது என்று சொன்னால் ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த காலம் அது.

பேரைச் சொல்ல மாட்டேன். இப்போது திருப்பதியில் மகன் வீட்டோடு இருக்கிறாள். எழுதினது தெரிந்தால், "எம் பேர ஏன் மாமா ஊரெல்லாம் இழுக்கற" என்று பஸ் ஏறி வந்து சண்டை போடுவாள். போடுகிற ஆள்தான்.

நான் மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் தெலுங்கு வாத்தியார், பாதி நாள் தமிழ் வாத்தியார் என்று இரண்டும் அரைகுறை. ஆனால் கூலித் தறியில் ஆரம்பித்து, சொந்தமாகப் பவர்லூம் போட்டு, கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷினை நகரியில் முதலில் இறக்கியவன் நான்தான். யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் லேசில் ஒருத்தரை மெச்சுகிறவன் இல்லை. எம்.எல்.ஏ.வையே மெச்சியதில்லை. அவளை மெச்சினேன்.

துண்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாளில் காசு கட்டி வாங்கின பைல் நெட்டிலிருந்து இறங்குகிறது என்றால் கண் முன்னால் ஆமை நகர்கிற மாதிரி இருக்கும். திரையில் ஒரு பட்டை. அதில் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும். பார்த்துக்கொண்டே இருந்தால் நிற்கிற மாதிரி தெரியும். நின்றுவிட்டது என்று நினைத்து மனுஷன் மவுஸைத் தொடுவான். ஒரு தட்டு தட்டுவான், இன்னொரு தட்டு தட்டுவான். அவ்வளவுதான், அறுந்து போகும். மறுபடி முதலிலிருந்து. அதனால் பைல் இறங்க ஆரம்பித்ததும் அவள் ஒரு மஞ்சள் துண்டை எடுத்து அந்தக் கம்ப்யூட்டர் தலைமேல் போட்டுவிடுவாள். திருப்பதி மலையில் சாமிக்கு அலங்காரம் செய்யத் திரை போட்டால் யாராவது விலக்கிப் பார்ப்பானா? அந்தக் கணக்குதான்.

புத்தூரிலிருந்து ஒரு போட்டோக்காரர் வருவார். கல்யாண ஆல்பத்துக்கு வைக்கிற பூ வளைவு, மேகம், தாஜ்மகால் எல்லாம் நெட்டில் காசு கொடுத்து வாங்குவார். துண்டு போட்ட ஐந்தாவது நிமிஷம் எழுந்து நிற்பார்.

"அம்மா, கொஞ்சம் தூக்கிப் பாக்கலாமா?"

"இன்னாத்துக்கு?"

"வருதா இல்லியான்னு."

"நீ பாத்தா வந்துருமா? நீ போட்டோ எடுக்கசொல்ல பொண்ணு மாப்பிள்ள ரெண்டு பேரும் ஓடியாந்து கேமராக்குள்ள எட்டிப் பாத்தா வுடுவியா? ஒக்காரு."

அவர் உட்கார்ந்துவிடுவார். ஆனால் ஊரில் பேச்சு வேறு மாதிரி பரவியது. பைல் இறங்கும்போது பார்த்தால் கண்ணுபடும், கண்ணுபட்டால் மெதுவாகிவிடும், அதனால்தான் மூடுகிறாள் என்று பேசினார்கள். படித்த பிள்ளைகளே அதை நம்பின. ஒருத்தன் கம்ப்யூட்டரைச் சுற்றி எலுமிச்சம்பழம் சுற்றிவிட்டு உட்கார்ந்ததை நானே பார்த்தேன். அவள் அதைத் திருத்தவும் இல்லை. "நம்பிக்கினு போவட்டும் மாமா. கைய வெக்காம இருந்தா சரி" என்றாள்.

கை வைக்காமல் இருப்பது. அவளுடைய வேதம் அது ஒன்றுதான்.

நாலு கம்ப்யூட்டருக்கும் ஒரே போன் லைன். ஒருத்தருக்குக் காசு கட்டின பைல் இறங்கும்போது மற்ற மூன்று பேரும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். "கை எடு!" என்று ஒரு சத்தம் வரும். எங்கள் தறித் தெருவில் பிறந்து வளர்ந்தவள் அவள். எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கினால், கல்யாணச் சேலை முடிக்கிறவன் தறியை மட்டும் ஓட விட்டுவிட்டு அக்கம்பக்கத்தில் எல்லாரும் சுவிட்சை அணைத்துவிடுவோம். யாரும் சட்டம் போட்டதில்லை. நாளைக்கு நமக்கும் முடிக்கிற நாள் வரும். அந்தப் பழக்கத்தைக் கொண்டு வந்து நெட்டுக்குப் போட்டாள்.

ஒரு நாள் பைனான்ஸ்காரர் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். விரலில் மூன்று மோதிரம், வாசலில் கார். ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து கம்ப்யூட்டரில் ஒரு நர்சிங் படிக்கிற பெண்ணுக்குப் பரீட்சைப் பாடம் இறங்கிக்கொண்டிருந்தது. "கை எடு" என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, நேனு எவரோ தெலுசா?"

"தெலுசு லேண்டி. செய்யி தீயண்டி."

அவர் யார் என்று தெரியும், கையை எடு. மூன்று மோதிரமும் மடியில் வந்து உட்கார்ந்தன. நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். அந்த மாதிரி ஒருத்தி என் தறிக்கொட்டகையில் மேஸ்திரியாக இருந்திருந்தால் நான் இன்னும் நாலு கொட்டகை கட்டியிருப்பேன்.

மாடியில் கடை வீட்டுக்காரர் குடியிருந்தார். கீழே இருக்கிற போனுக்கு மேலே ஒரு எக்ஸ்டென்ஷன். பெரியவர் மேலே ரிசீவரைத் தூக்கினால் கீழே பைல் செத்துவிடும். அதனால் பைல் ஆரம்பிக்கும் முன்னால் இவள் மாடிக்குப் போய், "பெரியவரே, போனக் குடு" என்று அந்தப் போனையே பிடுங்கிக்கொண்டு வந்து மடியில் வைத்துக்கொள்வாள். குழந்தையை மடியில் போட்ட மாதிரி ஒரு கை அதன்மேல். "எம் போனு, எம் வூடு, எனக்கே கேட்டு வாங்கணுமா" என்று பெரியவர் படிக்கட்டில் நின்று புலம்புவார். "முடிஞ்சதும் நானே பண்ணித் தர்றேன், யாருக்குன்னு சொல்லு" என்பாள்.

இனி என் கதை.

எம்ப்ராய்டரி மெஷினை இறக்கினேன் என்றேனே, பன்னிரண்டு தலை, பன்னிரண்டு துணியில் ஒன்றாகப் பூ போடும். கன்டெய்னரில் வந்து இறங்கியபோது தெருவே கூடியது. ஆனால் மெஷினோடு வந்த டிசைன்கள் எல்லாம் கரடி பொம்மை, பூனைக்குட்டி, வாத்து. கரடி பொம்மை போட்ட ஜாக்கெட்டை எந்தக் கல்யாணப் பெண் போட்டுக்கொள்வாள்? நாலு மாதம் மெஷின் சும்மா நின்றது. "மாமா வூட்டு ராணி தூங்குதா?" என்று தறிக்காரர்கள் என்னைக் கேட்டுவிட்டுப் போவார்கள். மெஷின் விற்றவனும், ஓட்ட முடியாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான். நகரியில் நான் இறக்கின ஒன்றை எவனாவது திருப்பி ஏற்றிக்கொண்டு போவதா?

திருப்பதியில் பெரிய ஜவுளிக்கடைக்காரர் ஒருத்தர். அவரிடம் போய் உட்கார்ந்து, என்னால் முடியாதது எதுவும் இல்லை என்று பேசினேன். அவர் பெங்களூரிலிருந்து வந்த ஒரு ஜாக்கெட் துணியைக் காட்டினார். கையில் மாங்காயும் கொடியும், முதுகில் மயில். "இத மாதிரி சாம்பிள் சனிக்கிழம காலம்பற எங்கடையில இருக்கணும். கல்யாண சீசன் மொத்தமும் உனக்கே. இல்லன்னா பெங்களூர்க்காரனுக்குக் குடுத்துர்றேன்" என்றார்.

சென்னையில் டிசைன் எழுதித் தருகிறவன் ஒரு மாதம் கேட்டான். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தங்கச்சி மகனுக்குப் போன் போட்டேன். அவன் ஏதோ ஒரு வெப்சைட்டில் அதே மாதிரி மாங்காய், மயில் எல்லாம் கட்டாக விற்கிறார்கள் என்று கண்டுபிடித்து, தன் கார்டிலேயே காசு கட்டிவிட்டான். பைல் பெரிது, மெயிலில் அடங்காது. இறக்கிக்கொள்ள ஒரு லிங்க் அனுப்பினான். "மாமா, மூணு தடவதான் இறக்கலாம். மூணும் போச்சுன்னா லிங்க் செத்துரும். நான் ரெண்டு நாள் பிளேன்ல, ஊருஊரா சுத்தறேன், என்னைப் புடிக்க முடியாது" என்றான்.

நான் நேராகத் திருப்பதி போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஏசி போட்ட நெட் சென்டர். கண்ணாடிக் கதவு, சோபா, செண்ட் வாசனை. அங்கே இரண்டு தடவையும் பாதியில் அறுந்தது. உட்கார்ந்திருந்தவன் டக் டக் என்று தட்டிக்கொண்டே இருந்தான். மூன்றாவது தடவைக்கு அவன் கையை நீட்டும்போது நான் அந்தக் கையைப் பிடித்தேன். "போதும் நைனா" என்று சொல்லிவிட்டு நகரி பஸ் ஏறினேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

"ஏசி காத்துல சீக்கிரமா வரும்னு போனியா மாமா? பக்கத்துல கீற என்ன வுட்டுட்டு?"

"கிண்டல் பண்ணாதம்மா. ஒரு தடவதான் கீது."

"ஒரு தடவ போதும். கை எடு!" கடைசி இரண்டு வார்த்தை மற்றவர்களுக்கு. மாடிக்குப் போனாள், போனோடு இறங்கினாள், துண்டைப் போட்டாள். போன் லைன் போடும்போது வருகிற அந்தக் கரகர பாட்டைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இன்னிக்கி தொண்ட கட்டிக்கினு கீது, மெதுவாத்தான் வரும்" என்றாள். மணி இரண்டு ஆகியிருந்தது.

எனக்கு அப்போதுதான் கதவில் தொங்குகிற அட்டை கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை மூன்று மணி முதல் நாலு மணி வரை நெட் கிடையாது. ஊருக்கே தெரிந்த அட்டைதான். அவள் புருஷன் குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் பூத்துக்கு வந்து பேசுவான். முன்னால் என் தறி ஓட்டின பையன்தான், அவனுக்குப் பாஸ்போர்ட் எடுக்க சித்தூர் வரை கூடப் போய் வந்தவன் நான். அதற்கு முந்தின இரண்டு வெள்ளிக்கிழமையும் அவன் போன் வரவில்லை என்று என் வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மணி இரண்டே முக்கால். துண்டுக்குள் அலங்காரம் முடிகிற வழியாகத் தெரியவில்லை. அவள் ஒரு ஓரம் மட்டும் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் அந்த உரிமை உண்டு.

"எவ்ளோ வந்துகீது?" என்றேன்.

"பாதிக்கு மேல."

"மூணு மணிக்கு அவன் போன் வருமே."

"வரும்."

"அப்ப வந்தவரைக்கும் அறுத்துக் குடும்மா. மாங்கா வந்திருந்தா மாங்காவ போடறேன். மீதி மயில அப்பால எறக்கி ஒட்டிக்கலாம்."

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாவு நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டு ஓட்டுகிற ஜனம் நாங்கள். நெய்த வரைக்கும் துணிதானே. அரை சேலை நெய்தால் அரை சேலை இருக்கும். வந்த வரைக்கும் பைலும் இருக்கும் என்றுதான் நினைத்தேன். தன் முறைக்காக ஓரமாக உட்கார்ந்திருந்த புத்தூர் போட்டோக்காரர் களுக்கென்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"இதுல முடிச்சி போட முடியாது மாமா. முழுசா வந்தாதான் தொறக்கும். பாதி வந்தா குப்பைதான்."

"அதுக்காக உம் புருசன் போன வுட்டுருவியா? மூணு வாரமாச்சு."

"ஆரம்பிச்சது முடியட்டும்" என்றாள். மடியில் இருந்த போன்மேல் கையை அழுத்தி வைத்துக்கொண்டாள்.

மூன்று அடித்தது. லைன் எங்கள் கையில் இருந்ததால் போன் அடிக்கவில்லை. அடிக்கவும் அடிக்காது. குவைத்தில் அவன் எத்தனை முறை சுற்றினாலும் அவன் காதில் டொய்ங் டொய்ங் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கும். அது இங்கே எங்களுக்குக் கேட்காது. மவுஸை விட்டுக் கையை எடுத்த மூன்று பேரும் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ரோட்டில் போன பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. மோடம் பெட்டியில் மினுக்கிக்கொண்டிருந்த விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றரை தாண்டித்தான் துண்டை எடுத்தாள். மூட்டை முழுசாக வந்திருந்தது. பிரித்தாள். மாங்காய், கொடி, மயில் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தேவையான டிசைனை மட்டும் ஒரு பிளாப்பியில் ஏற்றி என் கையில் வைத்தாள். அவள் மாடிக்குப் போனைக் கொண்டுபோய் வைத்துவிட்டு இறங்கி, கடைப் போனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அடிக்கவில்லை. "சுத்திப் பாத்துட்டு பூத்த வுட்டுப் போயிருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போட்டோக்காரர் பக்கம் திரும்பி, "வாண்ணா, உன் தாஜ்மகால எறக்கலாம்" என்றாள்.

நான் ஓடினேன். இரண்டு தெரு தள்ளி என் வீடு. மெஷின் ஓட்டுவது என் மருமகள். பிளாப்பியைப் போட்டாள், பன்னிரண்டு தலையும் ஒன்றாகக் குத்த ஆரம்பித்தன. நாலு மாதமாகத் தூங்கின ராணி எழுந்துவிட்டாள். அந்தச் சத்தத்தில் முதலில் போன் அடித்தது எனக்குக் கேட்கவே இல்லை. என் பெண்டாட்டி வந்து தோளைத் தட்டினாள்.

"மொதலாளி, நான்தான்." குவைத்திலிருந்து அவன். என் வீட்டு நம்பர் அவனுக்கு மனப்பாடம். கடை வைப்பதற்கு முன்னால் அவளோடு அவன் பேசினதெல்லாம் என் வீட்டுப் போனில்தான். "மூணு மணியில இருந்து பண்றேன். பிஸி பிஸின்னே வருது. அவளுக்கு ஒடம்புக்கு எதுனா ஆய்டுச்சா? மறைக்காத சொல்லு மொதலாளி."

"ஒண்ணும் ஆவலடா. கல்லு மாதிரி கீறா. எம் மயிலு எறங்கினு இருந்துச்சு, அதான் லைன் பிஸி. நீ இன்னா ஆன, ரெண்டு வாரமா?"

"எங்க சாரு பாலைவனத்துல டேரா போட்டாரு. என்னையும் இட்டுகினு போய்ட்டாரு. அங்க போன் ஏது?"

"வெச்சிரு. பத்து நிமிசத்துல இதே நம்பருக்குப் பண்ணு. அவள அனுப்பறேன்."

மெஷினை மருமகளிடம் விட்டுவிட்டு மறுபடி ஓடினேன். அந்த வயதில் நான் அப்படி ஓடினதைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்வார்கள். கடையில் போட்டோக்காரர் பைலுக்குத் துண்டு விழுந்திருந்தது. மடியில் மாடிப் போன்.

"உம் புருசன் எங்க வூட்டுக்குப் போன் பண்ணிட்டான். நல்லா கீறான். இப்ப மறுபடி பண்ணுவான், ஓடு."

எழுந்தாள். துண்டைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள்.

"இது ஓடிகினு கீதே மாமா."

"நான் பாத்துக்கறேன்."

"நீயா? நீ பாதியிலயே அறுக்கச் சொன்ன ஆளு."

"அம்மா, நீங்க போங்க, அறுந்தா அறுந்துட்டுப் போவுது" என்றார் போட்டோக்காரர்.

"உன்ன யாரு கேட்டா?" என்று அவரை அடக்கிவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மாடிப் போனைத் தூக்கி என் மடியில் வைத்தாள். "துண்டத் தூக்காத. யாரையும் தொட வுடாத. பெரியவரு வந்து கேட்டா குடுக்காத." சொல்லிக்கொண்டே செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கினாள்.

நான் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்து பேரை வேலை வாங்குகிறவன் நான், சும்மா உட்காருவது எனக்கு வராது. ஆனாலும் அசையவில்லை. போட்டோக்காரர் இரண்டு முறை எழுந்தார். "கை எடு!" என்று ஒரு சத்தம் போட்டேன். அவள் சத்தத்தைவிட என் சத்தம் பெரிது, அவர் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். மாடிப் பெரியவர் படிக்கட்டில் பாதி வந்து, என் மடியில் போன் இருப்பதைப் பார்த்துவிட்டு மேலே போய்விட்டார்.

நாலே கால் இருக்கும், வந்தாள். வாயில் என் பெண்டாட்டி கொடுத்த வடை. நேராக மோடம் விளக்கைப் பார்த்தாள், அப்புறம் துண்டைப் பார்த்தாள்.

"தொட்டியா?"

"தொடல."

துண்டை எடுத்தாள். போட்டோக்காரர் பைல் முழுசாக வந்திருந்தது. தலையை ஆட்டிக்கொண்டாள். நான்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"இன்னா சொன்னான் அவன்?"

"இன்னா சொல்றது? முக்கா மணி நேரம் லைன் பிஸியா இருந்துச்சே, கட அவ்ளோ ஜோரா ஓடுதான்னு கேட்டான். ஆமான்னேன்." மீதி வடையை வாயில் போட்டுக்கொண்டாள். "இனிமே ஒங்க வூட்டுக்கே பண்றேன்றான். நான் அங்க வந்துட்டா இங்க யாரு ஒக்கார்றது?"

"நான் ஒக்கார்றேன்."

"ஒழுங்கா ஒக்காருவியா?"

"இப்ப பாத்தல்ல?"

அன்று சாயந்திரம் சாம்பிள் முடிந்தது. சனிக்கிழமை கடை திறக்கும் முன்னாலேயே நான் திருப்பதியில் அந்த ஜவுளிக்கடை வாசலில் நின்றேன். கடைக்காரர் மயிலைத் தடவிப் பார்த்தார், துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், பெங்களூர்த் துணியையும் பக்கத்தில் போட்டுப் பார்த்தார். "ரெண்டுல உன்னுது எது?" என்றார். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? அந்த சீசன் மொத்தமும் எனக்குத்தான். ஒரு மெஷின் மூன்றானது. மூன்றும் ஓடுகின்றன, வந்து பாருங்கள்.

கதவில் தொங்கின அட்டையை அவள் கழற்றிவிட்டாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவள் என் வீட்டுக்குப் போவாள், நான் அவள் கடைக்குப் போவேன். அவன் குவைத்திலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பும் வரைக்கும் இதுதான் நடந்தது. தெருவில் என்னைக் கிண்டல் பண்ணினார்கள். மெஷின் முதலாளி, மடியில் போனை வைத்துக்கொண்டு துண்டுக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறார் என்றார்கள். சொல்லிக்கொள்ளட்டும். நான் உட்கார்ந்த வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கடையில் ஒருத்தர் பைல்கூட அறுந்ததில்லை.